சொரசொரப்பில் பிறக்கும் எக்ஸ்ரே

மும்பையிலும் ஹைதராபாத்திலும் இந்தூரிலும் லேசரை வைத்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, சங்கரன்கோவில் வரை வருமா?

“ஆச்சி, மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க... ஆடாதீங்க... ம், விடுங்க.”

சங்கரன்கோவிலில் எந்த எக்ஸ்ரே அறை வாசலில் நின்றாலும் இந்தக் குரல் காதில் விழும். ஆச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்துக்குள் கருவியில் நடப்பது இவ்வளவுதான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு குழாய்க்குள், சூடேறிய கம்பியிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. ஒரு லட்சம் வோல்ட்டுக்கு முன்பின்னான மின்னழுத்தம் அவற்றை இழுத்து ஓடவிடுகிறது. எதிரே சுழலும் டங்ஸ்டன் தகட்டில் போய் முட்டுகின்றன. ஓடி வந்த எலெக்ட்ரானை டங்ஸ்டன் அணுவின் கரு வளைத்து இழுக்கும்போது அதன் வேகம் குறைகிறது. இழந்த ஆற்றலில் கொஞ்சம் எக்ஸ்ரேயாகத் தெறிக்கிறது. கொஞ்சம் என்றால் நூற்றில் ஒரு பங்கு. மிச்சம் 99 பங்கும் சூடாகத்தான் போகிறது. தகட்டைச் சுழலவிடுவதே, ஒரே இடத்தில் அடி வாங்கி உருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் இந்தக் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8-ஆம் தேதி. இன்று நாம் பயன்படுத்தும் வகைக் குழாயை அமெரிக்காவில் கூலிட்ஜ் உருவாக்கியது 1913-ல். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் வந்தது 1934-ல். அதற்குப் பிறகு ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது, படம் வாட்ஸ்அப்பில் டாக்டருக்குப் போகிறது. குழாயின் அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஒரு கருவி மாறாமல் இருக்கிறது என்றால் அது நல்ல கருவி என்றுதான் அர்த்தம். அதைக் குறை சொல்லி எழுத நான் வரவில்லை.

ஆனால் அந்தக் குழாய்க்கு மூன்று வரம்புகள் உண்டு. அதன் எக்ஸ்ரே கால் அங்குலக் கனமுள்ள இரும்பைத் தாண்டவே திணறும். எக்ஸ்ரே புறப்படும் புள்ளி மில்லிமீட்டர் கணக்கில் அகன்றது, அதனால் நிழலின் ஓரம் கொஞ்சம் மங்கலாகத்தான் விழும். ஒரு தடவை எரிந்து அணைய ஆயிரத்தில் சில பங்கு நொடியாவது ஆகும். அணுக்கள் இடம் மாறுவதைப் படம்பிடிக்க நினைப்பவருக்கு அது யுகம். இந்த மூன்றையும் ஒருசேரத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. எலெக்ட்ரானை ஓடவைக்க மின்னழுத்தத்தை நம்பாமல் ஒளியை நம்புவது.

பாக்டீரியா பூசிய கண்ணாடி

மும்பை கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை, அதாவது டி.ஐ.எஃப்.ஆரை, இயற்பியல் படித்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே எம். கிருஷ்ணமூர்த்தி, ஜி. ரவீந்திர குமார் ஆகியோரின் குழு 2012-ல் ‘ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்’ இதழில் வெளியிட்ட ஒரு கட்டுரையை முதலில் படிப்பவர் விளையாட்டுக்கு எழுதியது என்றே நினைப்பார்.

ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் சில மைக்ரான் கனத்துக்கு ஈ.கோலி பாக்டீரியாவைப் பூசினார்கள். நம் குடலிலேயே குடியிருக்கும் இனம்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஈ.கோலி ஒவ்வொன்றும் இரண்டு மைக்ரான் நீளமுள்ள சின்ன மாத்திரை போல இருக்கும். பூசிய தகட்டை வெற்றிட அறைக்குள் வைத்து, அதன்மேல் மிகக் குறுகிய லேசர் துடிப்பைக் குவித்தார்கள். குவிந்த இடத்தில் ஒளியின் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 100 கோடி கோடி வாட். உச்சி வெயிலில் நம் தலையில் விழுவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு.

பூச்சு இல்லாத வெறும் கண்ணாடியிலும் இதே லேசரை அடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாக்டீரியா இருந்த தகட்டிலிருந்து வந்த எக்ஸ்ரே நூறு மடங்குக்கும் மேல். ஆற்றலோ மூன்று லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் வரை (ஒரு வோல்ட் மின்னழுத்தம் ஒரு எலெக்ட்ரானுக்குத் தரும் ஆற்றலே ஒரு எலெக்ட்ரான் வோல்ட்). ஆச்சிக்கு நெஞ்சுப் படம் எடுத்த கருவியின் உச்ச ஆற்றலைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. பாக்டீரியா உயிரோடு இருந்ததா, செத்ததா என்பது பொருட்டே இல்லை. செத்ததும் அதே வேலையைச் செய்தது. தேவைப்பட்டது அதன் உயிர் அல்ல, உருவம்.

ஏன் உருவம்? அதைச் சொல்ல லேசர் துடிப்பு எப்படி உருவாகிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

பாவு நீட்டுவது போல

இந்த வகை லேசரின் நிறம் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத அடர்சிவப்பு. அதன் ஒளித்துகள் ஒவ்வொன்றிலும் உள்ள ஆற்றல் ஒன்றரை எலெக்ட்ரான் வோல்ட். எக்ஸ்ரேக்கு வேண்டியதோ பத்தாயிரம், லட்சம். ஆகவே லேசர் ஒளி நேராக எக்ஸ்ரே ஆகிவிடாது. அது எலெக்ட்ரானைத் தள்ள வேண்டும். எலெக்ட்ரான்தான் எக்ஸ்ரே தர வேண்டும். எலெக்ட்ரானை அப்படித் தள்ளும் அளவுக்கு ஒளியின் மின்புலம் கூட வேண்டுமானால் ஒரே வழி, இருக்கிற கொஞ்சம் ஆற்றலை மிகக் குறுகிய நேரத்துக்குள் அமுக்குவது. ஃபெம்டோ நொடி என்கிறார்கள். ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி பத்துக் கோடியாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. 30 ஃபெம்டோ நொடியில் ஒளியே ஒன்பது மைக்ரான்தான் நகரும். தலைமுடியின் கனத்தைக்கூடத் தாண்டாது.

இதில் ஒரு சிக்கல் பல வருஷம் ஆட்டிவைத்தது. குறுகிய துடிப்பை அப்படியே பெருக்கினால், பெருக்கும் படிகமே பொத்துப்போகும். மைமன் முதல் லேசரை எரியவைத்தது 1960-ல். இந்தச் சிக்கலுக்கு விடை 1985-ல்தான் வந்தது. அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவருடைய வழிகாட்டி ஜெரார் மூருவும் கண்டது அது. 2018-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் செய்ததைச் சங்கரன்கோவில்காரருக்கு விளக்குவது சுலபம். சங்கரன்கோவில் என்றதும் வெளியூர்க்காரர்கள் கோமதியம்மனையும் ஆடித்தபசையும் பிரியாணியையும் சொல்வார்கள். உள்ளூர்க்காரருக்கு அது தறி ஓடும் ஊர். கைத்தறிக் காலத்தில் விடியற்காலையிலேயே தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டுவார்கள். நூல் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து நிற்க, கஞ்சி ஏற்றி, கோலால் நீவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி, பிறகு இறுக்கமாக உருளையில் சுற்றிவிடுவார்கள். இப்போது அந்த வேலையை சைசிங் பட்டறை பார்த்துக்கொள்கிறது. நூலைக் கட்டையாகச் சுற்றிவைத்துக்கொண்டு கஞ்சி ஏற்ற முடியாது; நீட்டினால்தான் முடியும். ஸ்ட்ரிக்லேண்டும் மூருவும் ஒளித்துடிப்பை அதே வரிசையில் நடத்தினார்கள். முதலில் அதை நீட்டினார்கள். சிவப்பு முன்னால் ஓட, நீலம் பின்னால் வர, துடிப்பு நீண்டது. நீண்டுபோனதால் உச்சத் திறன் குறைந்தது. குறைந்ததால் படிகம் சேதமில்லாமல் தாங்கியது. அந்த நிலையில் ஆற்றலை ஏற்றினார்கள். கடைசியில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி மறுபடி சுருட்டினார்கள். எல்லா ஆற்றலும் ஒரு கணத்தில் குவிந்தது.

இன்று இந்த லேசர்களில் ஒளியை நீட்டவும் சுருக்கவும் பயன்படுவது கிரேட்டிங், அதாவது நெருக்கமாகக் கோடு கீறிய தகடு. நம் ஊர்க் கல்லூரிகளில் இயற்பியல் செய்முறைத் தேர்வில் லேசர் அலைநீளம் காண வைத்திருப்பார்களே, அதற்கு அண்ணன்.

இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் ஒரு பெட்டாவாட் லேசர் இருக்கிறது. பெட்டாவாட் என்பது இந்தியாவின் எல்லா மின்நிலையங்களின் திறனையும் கூட்டினால் வருவதைப்போல் ஏறக்குறைய 2,000 மடங்கு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அது நீடிப்பது 25 ஃபெம்டோ நொடி. ஒரு துடிப்பில் உள்ள மொத்த ஆற்றல் 25 ஜூல், அதாவது 25 வாட் பல்பு ஒரு நொடி எரியும் செலவு. பத்திரிகைகள் பெட்டாவாட் என்று கொட்டை எழுத்தில் போடும்போது இந்த இரண்டாவது கணக்கையும் பக்கத்திலேயே போடுவதில்லை.

மொழுமொழுப்பு உதவாது

இவ்வளவு செறிவான ஒளி ஒரு பொருளில் பட்டால், துடிப்பின் முன்விளிம்பு தொட்ட உடனேயே மேல்பரப்பிலுள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து வந்துவிடும். அணுக்களின் மிச்சமும் கட்டவிழ்ந்த எலெக்ட்ரான்களும் கலந்த அந்தக் கூழ்தான் பிளாஸ்மா. டியூப்லைட்டுக்குள் இருப்பதும் மின்னலும் அதுவே. இங்கே அடர்த்தியும் சூடும் மட்டும் பயங்கரம். துடிப்பு கடந்து முடியும்வரை அணுக்கருக்கள் கிட்டத்தட்ட நகரவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவை கனம். ஓடுவது எலெக்ட்ரான் மட்டும்.

ஆனால் மொழுமொழுவென்ற பரப்பில் உருவான பிளாஸ்மா முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆகிவிடுகிறது. விழுந்த ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அத்தனை செலவழித்து உருவாக்கிய துடிப்பு, வந்த வழியே திரும்பிப் போனால் யாருக்கு லாபம்?

இங்கேதான் டி.ஐ.எஃப்.ஆர். குழு வேறு பாதை பிடித்தது. உலகத்தில் பல இடங்களில் இதற்கு விடை பெரிய லேசர் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் லேசரை விட்டுவிட்டு, அது அடிக்கும் பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். 2003-ல் ‘ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் பி.பி. ராஜீவ், புஷன் அய்யூப், ரவீந்திர குமார் முதலியோர் எழுதிய கட்டுரையில் பூசப்பட்டது செம்பு நானோத் துகள்கள். பளபளவென்று தேய்த்த செம்பைவிடத் துகள் பூசிய செம்பு பல மடங்கு எக்ஸ்ரே தந்தது. உருண்டைத் துகளைவிட நீள்வட்டத் துகள் இன்னும் மேல்.

காரணம் இடிதாங்கி வேலை செய்யும் காரணம்தான். கூர்மையான முனையில் மின்புலம் குவியும். கோவில் கோபுரத்து இடிதாங்கியில் வானத்தின் மின்புலம் குவிகிறது; நானோத் துகளின் முனையில் ஒளியின் மின்புலம் குவிகிறது. கூடவே, துகளின் எலெக்ட்ரான்கள் ஒளியின் அதிர்வோடு ஒத்து ஆடத் தொடங்கினால் உறிஞ்சும் அளவு மேலும் ஏறும். ஆக, வெளியில் எவ்வளவு செறிவோ அதைவிடப் பல மடங்கு செறிவை அந்த முனையில் நிற்கும் எலெக்ட்ரான் உணரும். அது துகளிலிருந்து வெளியே இழுபட்டு, அடுத்த அரை அதிர்வில் உள்ளே எறியப்படுகிறது. சூடேறிய இந்த எலெக்ட்ரான்கள் தகட்டுக்குள் பாய்ந்து, அணுக்கருக்களால் வளைக்கப்பட்டு, எக்ஸ்ரேயைக் கொட்டுகின்றன. சங்கரன்கோவில் குழாயில் டங்ஸ்டன் செய்கிற வேலையேதான். எலெக்ட்ரான் ஓடிவந்த விதம் மட்டும் வேறு.

நானோத் துகளிலிருந்து பாக்டீரியாவுக்கு வந்தது இதன் தொடர்ச்சி. உலோகத் துகளை ஒரே அளவில், ஒரே வடிவத்தில் செய்து ஒட்டுவது காசு பிடித்த வேலை. பாக்டீரியா தன்னைத்தானே ஒரே அச்சில் வார்த்துக்கொள்கிறது. ராத்திரி வைத்தால் காலையில் கோடிக்கணக்கில் தயார். வடிவத்துக்கு வடிவம் இனம் உண்டு. உருளை வேண்டுமா, உருண்டை வேண்டுமா, சுருள் வேண்டுமா, இயற்கை எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் எம். குண்டு, பாக்டீரியாவை நீள்வட்டத் துகளாக வைத்துக் கணினியில் போட்டுப் பார்த்தார். சூடான எலெக்ட்ரான்கள் உண்மையிலேயே கூடின. பின்னர் 2015-ல் பாக்டீரியாவுக்குள்ளேயே நானோத் துகள்களை ஏற்றிப் பார்த்தபோது எக்ஸ்ரே மேலும் ஏறியது.

இந்தக் குழுவின் வேலையில் இன்னொரு பக்கமும் உண்டு. கட்டுரைத் தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே என்றாலும் விட மனமில்லை. சூடான எலெக்ட்ரான்கள் கூட்டமாகப் பாய்வது ஒரு மின்னோட்டம். மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலம் இருக்கும். 2002-ல் டி.ஐ.எஃப்.ஆர். குழுவும் பிளாஸ்மா இயற்பியலில் நாட்டின் முன்னோடியான பிரதிமன் கிருஷண் கவ் அவர்களின் காந்திநகர்க் குழுவும் சேர்ந்து அளந்தபோது அது 2.7 கோடி காஸ். பூமியின் காந்தப்புலம் அரை காஸ். அது நீடித்தது ஒரு நொடியில் லட்சம் கோடியில் சில பங்கு. 2012-ல் அந்தக் காந்தப்புலம் எப்படிக் கொந்தளிக்கிறது என்பதையும் நேரடியாகப் படம் பிடித்தார்கள். விண்மீன்களுக்கு இடையில் நடக்கும் கொந்தளிப்பை ஒரு அறைக்குள் படிக்க வழி கிடைத்தது. ரவீந்திர குமாருக்கு 2015-ல் இன்ஃபோசிஸ் பரிசு வாங்கித் தந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஒரு கிராமை ஒரு சாண் தூக்கும் ஆற்றல்

பாக்டீரியாத் தகட்டில் ஒரு தொல்லை. ஒரு துடிப்பு பட்ட இடம் காலி. அடுத்த துடிப்புக்குத் தகட்டை நகர்த்திப் புது இடம் காட்ட வேண்டும். தகடு தீர்ந்தால் வெற்றிட அறையைத் திறந்து மாற்ற வேண்டும். நொடிக்கு ஆயிரம் துடிப்பு தரும் லேசருக்கு இப்படித் தீனி போட்டு மாளாது.

டி.ஐ.எஃப்.ஆரின் ஹைதராபாத் வளாகத்தில் கிருஷ்ணமூர்த்தி குழு இதற்கு எடுத்த வழி சொட்டு. மைக்ரான் கணக்கில் அளக்கிற மெத்தனால் சொட்டுகளை வெற்றிடத்துக்குள் வரிசையாக விழவைக்கிறார்கள். ஒவ்வொரு சொட்டையும் இரண்டு துடிப்பு சந்திக்கிறது. முதலில் வரும் சன்னமான துடிப்பு சொட்டைக் குழிந்த வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. நானோ நொடிகள் கழித்து வரும் முக்கியத் துடிப்பு அந்தக் குழியில் பாய்கிறது. சொரசொரப்பை முன்கூட்டிச் செய்து வைக்க வேண்டாம். லேசரே அடிக்குமுன் ஒரு தட்டுத் தட்டிச் செய்துகொள்கிறது. அடுத்த சொட்டு அதற்குள் வந்து நிற்கும்.

2024-ல் ‘கம்யூனிகேஷன்ஸ் ஃபிசிக்ஸ்’ இதழில் வந்த இந்த முடிவில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது எண்கள்தான். லேசர் துடிப்பின் ஆற்றல் ஒருசில மில்லிஜூல். ஒரு கிராம் எடையை ஒரு சாண் தூக்க ஏறக்குறைய இரண்டு மில்லிஜூல் ஆகும், அந்தக் கணக்கு. செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 400 கோடி கோடி வாட். அதில் கிடைத்த எலெக்ட்ரான்களின் வெப்பநிலை பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் வரை போயிற்று. வழக்கமாக இந்த ஆற்றலைத் தொட இதைப்போல் நூறு மடங்கு செறிவு வேண்டும். எப்படிக் கிடைத்தது என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம், குழிந்த பிளாஸ்மாவுக்குள் லேசர் அலை இரண்டு பிளாஸ்மா அலைகளாகப் பிளவுபடுகிறது, எலெக்ட்ரான்கள் அந்த அலைகளில் ஏறி ஆற்றல் பெறுகின்றன என்பது.

பெரிய லேசருக்குப் பணம் இல்லாததால் இவர்கள் சின்ன லேசரில் சாமர்த்தியம் காட்டினார்கள் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது பாதிதான் சரி. மும்பையில் 100 டெராவாட், அதாவது பெட்டாவாட்டில் பத்தில் ஒரு பங்கு, திறனுள்ள லேசரும் இருக்கிறது. சின்ன லேசரில் பண்ணுவதுதான் கடினமான பிரச்சினை. மருத்துவமனைக்கோ பட்டறைக்கோ ஒருநாள் போக வேண்டுமானால் போகப்போவதும் அதுதான்.

காற்றில் ஓர் அலை

திடப்பொருளை விட்டு வாயுவுக்குப் போனால் வேறு ஒரு வித்தை. 1979-ல் கலிஃபோர்னியாவில் தோஷிகி தாஜிமாவும் ஜான் டாசனும் எழுதிய கட்டுரை அதன் தொடக்கம். இந்த டாசனோடு சேர்ந்து 1970-லேயே, லேசரும் பிளாஸ்மாவும் மோதினால் சார்பியல் விளைவு எப்படி வரும் என்று கணக்குப் போட்டவர் மேலே சொன்ன கவ். லாஸ் ஏஞ்சலீஸில் பிளாஸ்மா முடுக்கியை ஆய்வுக்கூடத்தில் நடைமுறையாக்கியவர்களில் முன்வரிசைக்காரர் மகாராஷ்டிரத்தில் பிறந்த சந்திரசேகர் ஜோஷி.

ஒரு வாயுத் தாரைக்குள் லேசர் துடிப்பு பாயும்போது, முன்னால் இருக்கும் எலெக்ட்ரான்களை விலக்கித் தள்ளிவிட்டுப் போகும். விலகியவை திரும்பி வந்து சேர, துடிப்பின் பின்னால் ஓர் அலை எழும். அந்த அலையின் மின்புலம் சாதாரண முடுக்கிகளில் உள்ளதைப்போல் ஆயிரம் மடங்கு. சிக்கிய எலெக்ட்ரான் சில மில்லிமீட்டருக்குள் கோடிக்கணக்கான எலெக்ட்ரான் வோல்ட் பெற்றுவிடும். 2004 செப்டம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் நாட்டுக் குழுக்கள் மூன்றும் ஒரே வாரத்தில் ‘நேச்சர்’ இதழில் இதை நிரூபித்தன. அட்டைப்படத் தலைப்பு ‘கனவுக் கற்றை’. இந்தூரிலும் 150 டெராவாட் லேசரை வைத்து இப்படி எலெக்ட்ரான்களை முடுக்கி வருகிறார்கள். அதே வளாகத்தில் எலெக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் 172 மீட்டர் சுற்றளவு கொண்டது என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த அலைக்குள் எலெக்ட்ரான் நேராக ஓடாது. இப்படியும் அப்படியும் ஆடி ஓடும். ஆடும் எலெக்ட்ரான் எக்ஸ்ரே வீசும். புறப்படும் புள்ளியின் அகலம் மைக்ரான் கணக்கில் என்பதால் படம் ஊசிக் கூர்மை. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2015-ல் மனித எலும்புத் துண்டு ஒன்றை இந்த எக்ஸ்ரேயால் முப்பரிமாணத்தில் படம் எடுத்தார்கள். எலும்பின் உள்ளே கடற்பாசி போல இருக்கும் மெல்லிய வலை துல்லியமாக விழுந்தது.

இன்னும் மேலே போக வேண்டுமா? ஓடிவரும் எலெக்ட்ரானுக்கு எதிரே இன்னொரு லேசரை அடிக்க வேண்டும். 10 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வரும் எலெக்ட்ரானில் மோதும் ஒன்றரை எலெக்ட்ரான் வோல்ட் ஒளித்துகள், சுமார் இரண்டரை லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ்ரேயாகத் திரும்பும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் உம்ஸ்டாட்டர் குழு 2014-ல் இதைச் செய்து காட்டியது. வேண்டிய ஆற்றலுக்குத் திருகி வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய சௌகரியம்.

யாருக்கு வேண்டும்?

ஆச்சியின் நெஞ்சுப் படத்துக்கு வேண்டாம். பெட்டாவாட், ஃபெம்டோ என்று எழுதிவிட்டு, ‘இனி கிராமத்து மருத்துவமனையிலும் லேசர் எக்ஸ்ரே’ என்று முடிக்கும் கட்டுரைகளை நானும் படித்திருக்கிறேன். சில லட்சத்தில் கிடைக்கிற, கரண்டும் கம்பவுண்டரும் இருந்தால் ஓடுகிற குழாய் இருக்கும்போது, கோடிகளில் விலையும் முனைவர் பட்டம் வாங்கிய நான்கு பேரும் தேவைப்படும் லேசரை எந்த மருத்துவமனை வாங்கும்? ‘மேசைமேல் அடங்கும்’ என்று இந்தக் கருவிகளைச் சொல்வதும் அளவு கடந்த பேச்சு. மேசை லேசருக்கு. வெற்றிட அறை, ஈயச் சுவர், குளிர்ச்சி குறையாத ஏசி, தூசி வடிகட்டி எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் வேண்டும்.

ஆனால் கனமான இரும்புக்குள் பார்க்க வேண்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ்ரே, இரும்பில் இரண்டரை மில்லிமீட்டர் போவதற்குள் பாதியாகக் குறைந்துவிடும். பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ்ரே பாதியாக ஒன்றரை சென்டிமீட்டர் ஆகும். பத்து சென்டிமீட்டர் கன இரும்புக்குப் பின்னால் முன்னது பூஜ்யம். பின்னதில் நூற்றில் ஒரு பங்காவது மிஞ்சும். திருச்சியில் பாய்லர் செய்கிற பெல் நிறுவனமும் அதைச் சுற்றி உள்ள பட்டறைகளும் கல்பாக்கமும் கூடங்குளமும் இந்தக் கணக்கில்தான் வாழ்கின்றன. ஒவ்வொரு முக்கிய வெல்டும் உள்ளே விரிசலோ காற்றுக் குமிழோ இல்லை என்று காட்ட வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘ஆர்.டி. எடுப்பது’ என்பார்கள்.

பெரும்பாலும் ஆர்.டி. நடப்பது ராத்திரியில். ஷிப்ட் ஆட்கள் போன பிறகு, கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, ‘கேமரா’வைக் கொண்டுவருவார்கள். கேமரா என்பது படம் பிடிக்கும் கேமரா அல்ல. கதிரியக்க இரிடியம்-192 வைத்த கனமான பெட்டி. குழாயின் ஒரு பக்கம் ஃபிலிமை ஒட்டி, தூரத்தில் நின்றுகொண்டு கைப்பிடியைச் சுற்றினால், கம்பி முனையில் உள்ள இரிடியம் வெளியே வந்து நிற்கும். நேரம் ஆனதும் திரும்பச் சுற்றி உள்ளே இழுப்பார்கள். இரிடியத்தை அணைக்க சுவிட்ச் கிடையாது. 74 நாளில் பாதியாகும், அவ்வளவுதான். உள்ளே போய்விட்டது என்று மீட்டரைப் பார்க்காமல் நம்பி ஓரடி எடுத்து வைத்தவர்கள் கைவிரலை இழந்த சம்பவங்கள் உலகம் முழுவதும் உண்டு. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் நடந்தது, இதேபோல அணைக்க முடியாத கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60 விபத்து. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் உபயோகமற்றுக் கிடந்த கருவி ஏலத்தில் போய், எடைக்கு வாங்கியவர்கள் அதை உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் படுக்கையில் விழுந்தார்கள்.

லேசர் எக்ஸ்ரேயை யாராவது பழைய இரும்புக்கு எடுத்துப்போனால் அதில் கண்ணாடியும் செம்பும்தான் இருக்கும். லேசரை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். என் பார்வையில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான காரணம் இதுதான். கூர்மையும் வேகமும் ஆய்வுக்கூடத்துக்கு. அணைக்க முடிவது தொழிலாளிக்கு. அணைக்கக்கூடிய எக்ஸ்ரே கருவிகள் ஏற்கெனவே இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் பத்து லட்சம் வோல்ட்டைத் தாண்டுபவை பெரும்பாலும் பெரியவை, கனமானவை. பாய்லர் குழாய்களுக்கு நடுவில் நுழையாது.

நுழைய வேண்டுமானால் லேசர் முதலில் அந்தச் சாப்பாட்டுக்கூட அளவிலிருந்து சுருங்க வேண்டும்; பட்டறையின் தூசியையும் அதிர்வையும் மே மாத வெயிலையும் தாங்க வேண்டும். ஹைதராபாத் சொட்டு, நொடிக்கு ஆயிரம் என்ற கணக்கில் நாள் முழுக்கத் தவறாமல் விழ வேண்டும்; வெற்றிடத்துக்குள் சேரும் மெத்தனால் ஆவியைப் பம்பு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வெல்டுக்கு எத்தனை துடிப்பு, ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஜாயிண்ட், மக்கர் செய்தால் சரி பார்க்க யார் வருவார்கள் என்று பட்டறைக்காரர் கேட்பார். முதல் இரண்டுக்கும் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து ஓரளவு கணக்குப் போடலாம். மூன்றாவதுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக, நெல்லையிலோ தென்காசியிலோ எம்.எஸ்ஸி. இயற்பியல் முடிக்கும் மாணவர் டி.ஐ.எஃப்.ஆர். நுழைவுத் தேர்வை எழுதிப் போகலாம். தேர்வு வருஷத்துக்கு ஒருமுறை. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.